புள்ளி போடாத ஒரு பாடவேளை

யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் ஆகிய ஐந்து வலயங்களின் கல்விப் பணிப்பாளர்களுக்கும், பாடசாலை அதிபர்களுக்கும்,

வணக்கம். நான் நீண்ட காலம் சித்திரம் படிப்பித்த ஆசிரியை. உங்களிடம் ஒன்றைக் கேட்கத்தான் எழுதுகிறேன். வாரத்தில் ஒரு பாடவேளை, பிள்ளைகள் கையால் எதையாவது செய்து விளையாடட்டும். அதற்குப் புள்ளி வேண்டாம், சான்றிதழ் வேண்டாம், கண்காட்சியும் வேண்டாம்.

எங்கள் பிள்ளைகளின் நாள் எப்படிப் போகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. விடிய ரியூசன், பிறகு பள்ளிக்கூடம், பின்னேரம் திரும்பவும் ரியூசன். புலமைப்பரிசில் பரீட்சை எழுதப்போகும் பத்து வயதுப் பிள்ளைக்கு வெட்டுப்புள்ளியை நினைத்து நித்திரை வருவதில்லை. தலையிடி, வயிற்றுக்குத்து என்று சொன்னால் படிக்கக் கள்ளம் என்று ஏசுகிறோம். பரீட்சை நெருங்கியதும் முதலில் பறிபோவதும் சித்திரப் பாடவேளைதான்.

அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தார் 2016இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெரியவர்கள் 39 பேரை 45 நிமிடம் விரும்பியபடி வரையவும் ஒட்டவும் களிமண்ணில் பிடிக்கவும் விட்டார்கள். மன அழுத்தத்தோடு கூடிக் குறையும் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனை முன்னும் பின்னும் உமிழ்நீரில் அளந்தார்கள். முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. முன்பு வரைந்து பழகியவர், பழகாதவர் என்ற வேறுபாடு அதில் பெரிதாகத் தெரியவில்லை. சிறிய ஆய்வுதான், பிள்ளைகளிடம் செய்ததும் அல்ல. ஆனாலும் கெட்டித்தனம் இல்லாத கைக்கும் ஆறுதல் கிடைக்கிறது என்பது, வகுப்பில் நான் கண்டதோடு ஒத்துப்போகிறது.

வாடைக்காற்று எழும்பும் காலத்தில் வடமராட்சிப் பக்கம் வந்து பாருங்கள். மூங்கிலைச் சீவி, நிறை பார்த்து, தாள் ஒட்டி, காற்றில் ஒலிக்கும் விண் பூட்டி, நூலைப் பிணைக்கும் முச்சை கட்டி ஏற்றினால் பட்டம் குத்திக்கொண்டு விழும். பெடியன் அழமாட்டான். வாலை நீட்டுவான், முச்சையை மாற்றுவான், திரும்ப ஏற்றுவான். கணக்கில் ஒரு பிழை விட்டால் கொப்பியை மூடிவைக்கும் அதே பெடியன்தான் இவன். பட்டம் விழுந்ததற்கு யாரும் அவனைச் சிவப்புப் பேனையால் வெட்டுவதில்லை. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடப்பது போட்டிதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கு முந்திய பல நாட்கள் கூட்டாளிகளோடு கூடியிருந்து செய்வதில்தான் மனம் இளகுகிறது என்று நம்புகிறேன்.

போர்க்காலத்தில் இங்கேயே மனநல மருத்துவராக வேலை செய்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் மனக்காயம் தனியாளோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துத் தாக்குகிறது என்று எழுதியிருக்கிறார். அந்தக் காயத்தோடு வளர்ந்தவர்கள்தான் இன்றைய பெற்றோர், ஆசிரியர்கள். அதனால் அந்தப் பாடவேளையில் ஆசிரியரும் கதிரையை விட்டு இறங்கி, பிள்ளைகளோடு தரையில் இருந்து செய்ய வேண்டும். அவர்களுக்கும் இது தேவை.

செலவைப் பற்றி யோசிக்க வேண்டாம். பூவரசம் இலையில் பீப்பீ, நுங்குக் கோம்பையில் வண்டில், குருத்தோலையில் கிலுக்கு, சிரட்டை, பழைய பத்திரிகை, களிமண். தெரியாவிட்டால் ஊரில் ஒரு அப்பாச்சியைக் கூப்பிடுங்கள், அவவுக்கும் சந்தோஷம்.

இதை நான் மருந்து என்று சொல்லவில்லை. பேச்சை நிறுத்திவிட்ட பிள்ளையை, தன்னை வருத்திக்கொள்ளும் பிள்ளையை மருத்துவரிடம்தான் கூட்டிப்போக வேண்டும். தேசிய மனநல உதவி இலக்கம் 1926 ஒவ்வொரு வகுப்பிலும் ஒட்டப்பட வேண்டும்.

பிள்ளைகளுக்கு விளையாட உரிமை உண்டு என்று சொல்லும் சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. அடுத்த தவணை நேரசூசியில் அந்த உரிமைக்கு ஒரு பாடவேளை ஒதுக்கிச் சுற்றறிக்கை அனுப்புங்கள். அதை எந்தப் பரீட்சைக்காகவும் வேறு பாடத்துக்கு எடுக்கக் கூடாது என்று ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியை ஒருத்தி,
வடமராட்சி