டெபன் ஆற்றுக்கு ஒரு டிங்கி

வேதாரண்யம்
ஐப்பசி மாதம்

அன்பு நண்பா,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. இங்கிலாந்தின் டெபன் ஆற்றில் ஓட்ட, முப்பத்திரண்டு அடியில் 1930களின் மோட்டார் குரூஸர் ஒன்றை, அதாவது தங்கிப் பயணம் போகும் இயந்திரப் படகை, நீ வாங்கிவிட்டாய் என்று தங்கை தொலைபேசியில் முன்பே சொல்லியிருந்தாள். ஆனாலும் அந்தத் தேக்குத் தளத்தையும் நிமிர்ந்த அணியத்தையும் (முன்முனையையும்) படத்தில் கண்ட பிறகுதான் நான் நம்பினேன். இங்கே மழை பிடித்துக்கொண்டது. உப்பளங்களில் வேலை நின்றுவிட்டது, சம்பா வயல்களில் தண்ணீர் நிற்கிறது, எனக்கும் வெளியே போகும் வேலை இல்லை. ஆகவே நீ கேட்ட ஒரே கேள்விக்கு, அந்தப் படகோடு எந்த டிங்கியை, அதாவது சிறு துணைப்படகை, சேர்ப்பது என்பதற்கு, சாவகாசமாகப் பதில் எழுதுகிறேன்.

நீ மூன்றைக் குறித்திருக்கிறாய்: பத்தடி நீளமுள்ள பழைய கிளிங்கர் டிங்கி, யாரோ கொட்டகையில் போட்டு வைத்திருக்கும் ஒரு மிரர் பாய்மர டிங்கி, புதிதாகக் கட்டித் தருவதாகச் சொல்லப்பட்ட முன்முனை மொட்டையான எட்டடி பிளைவுட் பிராம். உன் மனம் கிளிங்கரின் பக்கம் சாய்ந்திருப்பது எழுத்திலேயே தெரிகிறது. குரூஸரும் அதுவும் ஏறத்தாழ ஒரே வயது, பக்கத்தில் நின்றால் அழகாக இருக்கும் என்கிறாய். அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் பெரிய படகின் அழகை வைத்து டிங்கியைத் தேர்வு செய்யக் கூடாது. அது எங்கே, எப்படித் தொங்கப் போகிறது, அதில் யார் ஏறி இறங்கப் போகிறார்கள் என்பதை வைத்தே தேர்வு செய்ய வேண்டும் என்பது என் கருத்து. அப்படிப் பார்த்தால் நான் சொல்வது பிராம்தான்.

முதலில் கிளிங்கரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் வத்தைகளிலும் வள்ளங்களிலும் பலகைகள் விளிம்போடு விளிம்பு பொருந்தி நிற்கும், இடைவெளியில் பஞ்சோ கயிற்று நாரோ அடித்துக் கலப்பற்று செய்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவார்கள் என்பது உனக்குத் தெரியும். கிளிங்கரில் அந்த வேலையே கிடையாது. மேல்பலகையின் விளிம்பு கீழ்ப்பலகையின் வெளிப்புறத்தில் ஏறிப் படிந்திருக்கும். இரண்டையும் துளைத்துச் செப்பு ஆணி இறக்கி, உட்புறத்தில் ஒரு செப்பு வில்லையை மாட்டி, ஆணியின் முனையை அதன்மேல் தட்டி மடக்கியிருப்பார்கள். தண்ணீர் உள்ளே வராமல் காப்பது, மரம் ஊறி உப்பி ஒன்றையொன்று இறுக்குவதுதான். நீ குடியிருக்கும் உட்பிரிட்ஜுக்கு எதிர்க்கரையில் சட்டன் ஹூ மேட்டை 1939இல் தோண்டியபோது கிடைத்த ஏழாம் நூற்றாண்டுக் கப்பலும் இதே முறையில் கட்டப்பட்டதே. அங்கே இரும்பு ஆணிகள். மரம் முழுவதும் மக்கிப் போன பிறகும் அந்த ஆணிகள் வரிசை கலையாமல் மணலில் நின்றதால்தான் கப்பலின் வடிவம் நமக்குத் தெரிய வந்தது. உன் ஆற்றில் அவ்வளவு பழைய பரம்பரை உள்ள கட்டுமானத்தை வேண்டாம் என்று சொல்ல எனக்கே தயக்கமாக இருக்கிறது.

ஆனால் உன் படகின் பின்புறத்தில் சிறு படகைத் தூக்கித் தொங்கவிடும் இரண்டு டேவிட் கைகள் இருக்கின்றன, டிங்கி வாரம் முழுவதும் அவற்றில்தான் தொங்கப் போகிறது. கோடையில் வெயிலும் காற்றும் பட்டுக் கிளிங்கர் பலகைகள் சுருங்கிவிடும். நீங்கள் இருவரும் சனிக்கிழமை காலையில் அதை இறக்கினால், மரம் ஊறி இறுகும் வரை தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒழுகுகிறதே என்று இடுக்குகளில் மக்கு வைத்து அடைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும்; மரம் உப்பும்போது போக இடமில்லாமல் ஆணியை இழுக்கும் அல்லது பலகையே வெடிக்கும். கிளிங்கர் டிங்கி தண்ணீரிலேயே கிடக்க வேண்டிய பொருள். கரையில் கட்டிப் போட்டு, தினமும் பயன்படுத்துகிறவனுக்கு அது சரி.

அப்படியும் மனம் கேட்கவில்லை என்றால், வாங்குவதற்கு முன் ஒரு சிறு கத்தியோடு போய்ப் பார். கடந்த மாதம் தோப்புத்துறையில் ஒரு பழைய வத்தையைப் பழுது பார்த்த ஆசாரியின் அருகில் நான் நெடுநேரம் நின்றிருந்தேன். அவர் வண்ணத்தைப் பார்க்கவே இல்லை. நேராகப் படகுக்குள் குனிந்து, ஏராவை (அடிமரத்தை) ஒட்டிய முதல் பலகையில் கத்தி முனையை மெதுவாக வைத்து அழுத்தினார். சில இடங்களில் முனை நின்றது, ஓரிடத்தில் ஈர மண்ணில் இறங்குவது போல இறங்கியது. பிறகு பின்பலகையின் மூலைகளில், மரத்தின் வெட்டுமுகம் திறந்திருக்கும் இடத்தில், கட்டைவிரல் நகத்தால் கீறினார். மழைத் தண்ணீர்தான் மரத்துக்கு எமன், கடல் தண்ணீர் அல்ல என்று அவர் சொன்னது உங்கள் ஊருக்கும் பொருந்தும். உன் கிளிங்கரில் இவற்றோடு இன்னும் இரண்டைப் பார்க்க வேண்டும்: செப்பு ஆணிகளைச் சுற்றி மரம் கறுத்திருக்கிறதா, வங்குகள், அதாவது உட்புற விலாச் சட்டங்கள், வளைந்து திரும்பும் இடத்தில் குறுக்கே விரிசல் விட்டிருக்கின்றனவா. ஒன்றிரண்டு வங்குகள் உடைந்திருந்தால் மாற்றிவிடலாம். வரிசையாக உடைந்திருந்தால் விலையைக் கேட்காமல் திரும்பி வந்துவிடு.

மிரரைப் பற்றி நீ ஏளனமாக எழுதியிருப்பது நியாயமில்லை. 1963இல் ஒரு லண்டன் நாளிதழின் ஆதரவில், வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் தொகுப்பாக வந்த அந்தப் படகு எழுபதாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டிருக்கிறது. அதைக் கட்டும் முறைதான் எனக்குப் பிடித்தது: பிளைவுட் தகடுகளைச் செப்புக் கம்பியால் தைத்து, இணைப்புகளில் கண்ணாடி நார்ப் பட்டையும் பிசினும் போட்டு இறுக்குகிறார்கள். சோழமண்டலக் கரையின் அலைகளில் சரக்கும் ஆளும் ஏற்றிய மசூலாப் படகுகளும் ஆணி இல்லாமல் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவைதானே. ஆனால் மிரர் உனக்கு ஆகாது. அதன் நீளம் 3.3 மீட்டர், அதாவது பத்தடி பத்து அங்குலம். உன் குரூஸரின் பின்பலகையோ ஏழரை அடி அகலம் என்று எழுதியிருக்கிறாய். குறுக்காகத் தொங்கவிட்டால் இரு பக்கமும் ஒன்றரை அடிக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கும். படகுத்துறையில் நுழையும் முதல் நாளே அடுத்தவன் படகில் உரசும். வெற்றுடல் எடை மட்டும் 45 கிலோவுக்குமேல். பாயில் ஓடும்போது பக்கவாட்டில் நழுவாமல் இருக்கத் தண்ணீருக்குள் இறக்கும் பலகையின் கூடு வேறு நட்டநடுவில் நின்று காலை நீட்ட விடாது. பேரப்பிள்ளைகள் பாய் விரித்துப் பழகத் தனியாக ஒன்று வாங்கு, அது வேறு விஷயம். பத்தடிக் கிளிங்கருக்கும் இதே அளவுக் கணக்கு பொருந்தும் என்பதை நீ கவனிக்கவில்லை போலிருக்கிறது.

மிஞ்சுவது எட்டடி பிராம். அணியம் கூராக இல்லாமல் சிறிய பலகையாக வெட்டப்பட்டிருப்பதைப் பார்த்து, தொட்டி போல இருக்கிறது என்கிறாய். அந்த வெட்டுதான் அதன் பலம். எட்டடி நீளத்தில் அணியத்தைக் கூராக்கினால் முன்பகுதி ஒடுங்கிவிடும். குரூஸரிலிருந்து இறங்குகிறவர் முன்பக்கம் கால் வைத்த உடனே படகு சாயும். பிராமில் முன்னும் அகலம் இருப்பதால் அது பதறாமல் தாங்கும். நமக்கும் தங்கைக்கும் வயது என்ன, முழங்கால் எப்படி இருக்கிறது என்பதை நினைத்துப் பார். காற்றும் ஓதமும் எதிரெதிராக இருக்கும் நாளில் சிற்றலையில் அது தொப்தொப்பென்று அடித்துக்கொண்டு போகும், மேலே தண்ணீர் தெறிக்கும். அது ஒன்றுதான் குறை.

பலகைகளைக் கிளிங்கர் போலவே மேலேற்றி, ஆணிக்குப் பதிலாக எபாக்ஸிப் பசையால் ஒட்டிக் கட்டச் சொல். பார்வைக்கு நீ விரும்பும் பழைய தோற்றம் அப்படியே இருக்கும், ஆனால் மாதக்கணக்கில் காய்ந்தாலும் ஒழுகாது. ஆறு மில்லிமீட்டர் பிளைவுட்டில் கட்டினால் முப்பது கிலோ அளவில் முடியும். பிளைவுட்டில் பிஎஸ் 1088 என்ற பிரிட்டிஷ் படகுப் பிளைவுட் தர முத்திரை இருக்கிறதா என்று பார். நம் நாட்டில் ஐஎஸ் 710 என்று கேட்டு வாங்குவது போல. ஆனால் முத்திரை ஒட்டுப்பசைக்கும் அடுக்குகளுக்கும்தான் உறுதி தரும். இந்தப் பிளைவுட்டுக்குப் பெரும்பாலும் பயன்படும் ஒக்குமே மரம் எடை குறைந்தது, அழுகலைத் தாங்கும் மரம் அல்ல. ஆகவே வெட்டிய விளிம்பு ஒவ்வொன்றையும், ஆணி போகும் துளைகள் உட்பட, எபாக்ஸியால் மூடியிருக்க வேண்டும். இருக்கைகளுக்குக் கீழே காற்றறையோ நுரைப் பாளமோ வைக்காமல் வாங்காதே. 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் கரையெங்கும் ஃபைபர் படகுகள் வந்து நிறைந்துவிட்டதால், மரப்படகு கட்டிய ஆசாரிகளில் பலர் இப்போது கதவும் சன்னலும் செய்கிறார்கள். உங்கள் ஊரில் இன்னும் இப்படிக் கேட்டுக் கட்டிக்கொள்ள முடிகிறது என்பதே எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

சேற்றை மறந்துவிடாதே. முத்துப்பேட்டைக் காயலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டரைத் தொடாது. அங்கேயே கோரையாற்று முகத்தில் படகு தட்டினால் எப்படி விழிப்போம் என்பது உனக்கு நினைவிருக்கும். டெபனில் வற்றம் பல மடங்கு இறங்கும், கரை ஓரம் முழுவதும் சேறாகிவிடும். ஆதலால் அடிப்பக்கம் இரு புறமும் கடினமான மரச் சட்டம் ஒவ்வொன்று வைக்கச் சொல்; டிங்கி சாயாமல் உட்காரும், இழுக்கும்போது பலகை தேயாது. மேல்விளிம்பைச் சுற்றிப் பருத்திக் கயிற்றை இறுக்கிக் கட்டச் சொல், இல்லாவிட்டால் ஒரே பருவத்தில் உன் குரூஸரின் வார்னிஷைச் சுரண்டிவிடும். டிங்கிக்கு வெளியே வண்ணம் போதும். வார்னிஷ் மோகத்தை இருக்கைகளோடு நிறுத்திக்கொள்.

டேவிட்டில் தொங்கும்போது அடியிலுள்ள அடைப்பானைக் கழற்றி வை. ஒரே இரவு மழையில் நிறைகிற தண்ணீரின் எடையை அந்தப் பழைய கைகள் தாங்காது. இழுத்துக்கொண்டு போவதானால் அணியத்தில் தாழ்வாக வளையம் இருக்கட்டும், கயிறு தண்ணீரில் மிதக்கும் வகையாக இருக்கட்டும். பின்னோக்கி ஓட்டும் முன் கயிற்றைச் சுருக்கிக் கையில் பிடிக்கும் வேலையைத் தங்கையிடம் ஒப்படைத்துவிடு, அது விசிறியில் சுற்றினால் இயந்திரம் நின்றுவிடும். முகத்துவாரத்தைக் கடந்து கடலுக்குப் போகும் நாளில் இழுக்கவே வேண்டாம், மேலே தூக்கிக் கட்டிவிடு. சின்ன மோட்டார் வாங்கும் யோசனையைத் தள்ளிப் போடு. முதலில் ஒரு பருவம் துடுப்பு வலித்துப் பார். துடுப்புகள் டிங்கிக்குள்ளேயே படுக்கும் நீளத்தில் இருக்க வேண்டும்.

இனி நீ செய்ய வேண்டியது: இரண்டு டேவிட் கைகளுக்கும் இடையே உள்ள தூரம், பின்பலகையின் சரியான அகலம், தளத்திலிருந்து நீர்மட்டம் வரை உள்ள உயரம் ஆகியவற்றை நாடா வைத்து அளந்து எழுது. கட்டுகிறவர் வரைபடம் தருகிறாரா என்றும் கேள். தந்தால் தை மாதம் நீ வரும்போது கையோடு கொண்டு வா, தோப்புத்துறை ஆசாரியிடம் காட்டுவோம்.

உன் அன்பு நண்பன்