ஸ்டுடியோ அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

வணக்கம்.

நேற்று எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கொசுப் படம் நல்லபடியாக ஓடி முடிந்தது. இன்னும் படபடப்பு அடங்கவில்லை. மெமரி கார்டில் இருந்த படமெல்லாம் அழிந்துபோன சங்கதி உங்கள் எல்லோருக்கும் தெரியும். மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை. 1897 ஆகஸ்ட் 20 அன்றுதான் ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதே தேதியில் திரையிடுவதைத் தள்ளிப்போடப் பிள்ளைகள் சம்மதிக்கவே இல்லை.

பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஸ்டுடியோ அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்ல? ஆடி முழுக்க வேலை இல்லாமல் இருந்தவர். ஆவணி பிறந்து கல்யாண வீடியோ வேலை குவிந்த நேரத்தில் போய் நின்றோம். அழிந்த படங்களை மீட்டுத் தந்தார். களிமண்ணில் செய்த கொசுப்புழுவை இம்மி இம்மியாக நகர்த்தி எடுத்தவை; நொடிக்கு 12 படம் வீதம் மூன்று நிமிடத்துக்கு 2160 படங்கள். பெயரும் வரிசையும் போய்க் கலைந்து கிடந்தன.

“குத்துமதிப்பா நீங்களே அடுக்கிக் குடுத்திருங்கண்ணே” என்றேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். “எது முன்னாடி, எது பின்னாடின்னு செஞ்ச பிள்ளைகளுக்குத்தான் டீச்சர் தெரியும். உக்காரும்மா.”

இரண்டு சாயங்காலம். அவர் மவுஸைத் தொடவே இல்லை. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை திரையைத் தொட்டு, “இது மூணாவது தடவை தோல் உரிச்சதுக்கப்புறம். இன்னும் ஒரு தடவை உரிச்சாத்தான் கூட்டுப்புழு” என்றாள். “தலைகீழாத் தொங்குறது கியூலெக்ஸ் கொசுவோட புழு, தண்ணி மட்டத்துல படுத்துக் கிடக்கிறது அனோபிலிஸ் கொசுவோடது” என்று இன்னொருவன் ஐம்பது படங்களைப் பிரித்து வைத்தான். வருடா வருடம் கரும்பலகையில் நான்கு பருவங்களை வரைகிறேன். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவார்கள். அன்று நான் ஒரு வார்த்தை சொல்லித் தரவில்லை.

அறையைத் திறந்துவிட்ட தலைமையாசிரியர், போன் கொடுத்த பெற்றோர், இருட்டியதும் வந்து பிள்ளைகளைக் கூட்டிப்போன அம்மாக்கள், கேட்காமலே டீயும் வடையும் அனுப்பிய கடைக்காரர், எல்லோருக்கும் என் கும்பிடு.

இனி அவசரத்துக்காகப் பிள்ளைகள் கையிலிருந்து வேலையைப் பிடுங்கமாட்டேன். அடுத்து ஏரி மதகைப் படமெடுக்கப் போகிறார்களாம். அண்ணே, புரட்டாசியில் முகூர்த்தம் இல்லை என்பதையும் விசாரித்து வைத்திருக்கிறார்கள். நாற்காலியைக் காலியாக வையுங்கள்.