எங்க புது வீட்டு சுவத்துக்கு எண்ணூர் சாம்பல் செங்கல் வைங்க சார்

எங்க பழைய குடியிருப்பு பிளாக்க இடிச்சிட்டு புதுசா கட்டப்போற அதிகாரிங்களுக்கும் இன்ஜினியர்ங்களுக்கும் வணக்கம்.

நான் தண்டையார்பேட்டைல கடைசி மாடி. ஏப்ரல் வந்துட்டா ராத்திரி பத்து மணிக்கும் சுவரு கொதிக்குது, எங்கம்மா தெனம் சாயந்தரம் பத்து கொடம் தண்ணி தூக்கிட்டு போய் மொட்டமாடில ஊத்துறாங்க, அதுவும் லாரி வந்தப்ப கியூல நின்னு புடிச்ச தண்ணி. புது வீட்லயும் அவங்க கொடம் தூக்கக் கூடாது, அதுக்குதான் சுவத்துக்கும் தளத்துக்கும் என்ன போடலாம்னு எழுதுறேன்.

எண்ணூர் பக்கம் அனல்மின்சாரத்துக்கு எரிச்ச நிலக்கரி சாம்பல் கொசஸ்தலை ஆத்துல படிஞ்சு கெடக்கு, எங்க மாமா எறா புடிக்க எறங்குனா கால் சேத்துல பொதையல, சாம்பல்ல பொதையுது. அதே சாம்பல்ல செங்கல் போடலாம், சூள வேணாம், வயக்காட்டு மண்ண வெட்ட வேணாம். 1999லயே இதுக்கு மத்திய அரசு உத்தரவு போட்டாச்சு, 2021 டிசம்பர்ல வந்த புது உத்தரவு, அனல்மின் நிலையத்துல இருந்து 300 கிலோமீட்டருக்குள்ள கட்டுறவங்க, வெல மத்த கல்ல விட கூட இல்லன்னா, சாம்பல் செங்கல் மாதிரி பொருளத்தான் வாங்கணும்னு சொல்லுது. நாங்க 20 கிலோமீட்டர் கூட இல்ல சார்.

நான் செங்குன்றம் பக்கம் ஒரு யூனிட்ல ரெண்டு வருஷம் இந்த கல்லு போட்டவன். சாம்பல், எம்சாண்ட், சுண்ணாம்பு, ஜிப்சம், சில எடத்துல சிமெண்ட், கலந்து மிஷின்ல அழுத்துவோம், அவ்ளோதான், ஆனா அப்புறம் ரெண்டு மூணு வாரம் தண்ணி காட்டணும். அவசரத்துக்கு அஞ்சு நாள்ல லோடு ஏத்துனா மூல உதுரும், அப்புறம் சாம்பல் கல்லே மட்டம்னு பேர் வந்துடும். அதனால லாரி வந்ததும் ரெண்டு கல்ல ஒன்னோட ஒன்னு தட்டிப் பாருங்க, கணீர்னு கேக்கணும், ஒன்ன இடுப்பு ஒயரத்துல இருந்து தரைல போடுங்க, ஒடையக் கூடாது.

மொட்டமாடி சூடு கொறைய தளத்துக்கும் வழி இருக்கு. ராயபுரத்துல பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டுக்குள்ள மத்தியானம் போய் நின்னு பாருங்க, தேக்கு உத்தரத்து மேல குத்துவாட்டுல அடுக்குன செங்கல், அதுக்கு மேல சுண்ணாம்பு போட்ட செங்கல்ஜல்லி. தேக்கெல்லாம் கேக்கல. கான்க்ரீட் மேல அந்த ஜல்லி போட்டு வெள்ள ஓடு ஒட்டுங்க போதும். ஜல்லிய, இடிக்கிற பழைய பிளாக்கோட செங்கல்லயே ஒடச்சுக்கலாம், ஏரில கொண்டு போய் கொட்டாதீங்க.

மொத லோடு வர்ற அன்னைக்கு சொல்லி அனுப்புங்க சார், நானே வந்து தட்டிப் பாக்குறேன்.