விடுதி வேண்டாம், வீடு வேண்டும்

ஆசிரியருக்கு,

கோடையில் ரஷ்ய மொழி படிக்க செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போகும் மாணவர்களை விடுதியில் தங்கவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சில வாரப் படிப்பு. விடுதியில் ஆங்கிலம் பேசியே அது கழிந்துவிடும். ரஷ்யக் குடும்பத்தோடு தங்கினால் காலைக் கஞ்சியோடு பேச்சும் தொடங்கிவிடும். வார இறுதியில் அவர்களுடைய ‘தாச்சா’வுக்கு, அதாவது ஊருக்கு வெளியே உள்ள தோட்ட வீட்டுக்குப் போய், வெள்ளரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பாட்டியிடம் கதை கேட்கலாம். எந்த வகுப்பறையும் அதைத் தராது. ஜூனில் பகல் 18 மணி நேரத்துக்கும் மேல். வகுப்புக்கு அப்புறம் நேவா நதிக்கரையில் நடக்கவும் வெளிச்சம் மிச்சமிருக்கும். ரஷ்ய மொழியை எழுதப் பயன்படும் சிரிலிக் எழுத்துமுறையின் 33 எழுத்துகளை மட்டும் புறப்படும் முன்பே கற்றுக்கொள்ளுங்கள். படிப்பை நடத்துவோர் குடும்பத்தோடு தங்குவதைக் கட்டாயமாக்க வேண்டும்.

ஒரு வாசகர், சென்னை