எச்சுன்னா கூட்டிரக் கூடாது கண்ணு

கண்ணு, நல்லா இருக்கியா. நீ போன் பண்ணி மூணு வாரமாச்சு, பேங்க்ல வேலை எச்சா இருக்கும்னு உங்கம்மாகிட்ட நாந்தான் சொல்லிட்டிருக்கேன். மஞ்ச வெட்டியாச்சு, அத உடு.

அன்னைக்கு வீடியோல பேரன் ஹோம்வொர்க் எழுதிட்டிருந்தானே, அந்த வெசனந்தான். கவின்கிட்ட 8 கோலிகுண்டு, அது தம்பிகிட்ட இருக்கறத விட 3 அதிகம், தம்பிகிட்ட எத்தனைன்னு இருந்துச்சு, அவன் 11ன்னு போட்டான். அதிகம்ங்கறதப் பாத்தான், கூட்டிட்டான். நல்லாப் படிக்கற புள்ளைங்களே அந்த எடத்துல வழுக்கும் சாமி.

மொதல்ல பென்சில வாங்கி வெச்சுரு. யாருகிட்ட எச்சு, யாருகிட்ட கம்மின்னு மட்டும் கேளு. அப்பறம் புளியங்கொட்டை 8 வரிசையா வெக்கச் சொல்லி, தம்பிக்கு அதுக்கு நேரா கீழ ஒண்ணுக்கொண்ணு ஜோடி வெக்கச் சொல்லு, மேல 3 ஜோடியில்லாம நிக்கோணும்னு சொல்லிரு, 5 வெச்சதும் அவனே கைய நிறுத்திருவான். 5 கோழிக்குஞ்சு 3 புழு, குஞ்சு எத்தன எச்சுன்னு கேட்டா சின்னதுங்க நெறய 5ன்னுதான் சொல்லும். எத்தன குஞ்சுக்குப் புழு கெடைக்காதுன்னு கேட்டுப் பாரு, 2ன்னு பட்டுன்னு வரும். நாம கேக்கற பேச்சுதான் அதுங்களுக்குப் புரியறதில்ல. அவசரப்படாத, பென்சில மட்டும் மொதல்ல குடுத்துராத.

"எனக்கும் கணக்கு வராது, உனக்கும் வராது"ன்னு அவங்கிட்ட சொன்ன பாரு, அது வேண்டாங்கண்ணு. எம்புள்ள பேங்க்ல இருக்கான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறேன், நீ புள்ளைகிட்ட அப்படிச் சொல்லலாமா.

அந்தப் பேச்சு எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். நீ மூணாவது படிக்கையில அந்தியூர் தேருக்கு ஒறம்பரையெல்லாம் வந்து திண்ணைல உக்காந்திருந்தாங்க, நீ இதே மாதிரி கணக்குல கூட்டிட்ட, வாத்தியார் புள்ளைக்குக் கணக்கே வராதுன்னு அத்தன பேரு முன்னால சொன்னது நாந்தான். நீ நோட்ட மூடி மடில வெச்சுட்டு ரவைக்குச் சோறு திங்காமயே படுத்துட்ட. அதிகம்னா கூட்டு, குறைவுன்னா கழின்னு போர்டுல எழுதிப்போட்டு உங்களையெல்லாம் மனப்பாடம் பண்ண வெச்சதே நாந்தானே, நா சொன்னபடிதான் நீ செஞ்ச. 2021ல ரிடையர் ஆகற வரைக்கும் அப்படியேதான் சொல்லிக் குடுத்தேன். அடுத்த வருசம் பள்ளிக்கூடத்துக்கு எண்ணும் எழுத்தும்னு சர்க்கார் திட்டம் வந்து, நம்மூரு ரெண்டாவதுப் புள்ளைங்க கொட்டைய ஜோடி சேத்தறத ஜன்னலோரம் நின்னு பாத்தப்பத்தான் அந்தத் தேரு நாள் ஞாபகம் வந்துச்சு. அப்பவே உங்கிட்ட சொல்லியிருக்கோணும், வாய் வரல.

உங்கம்மா தேங்காண்ணை குடுத்துவிடறா. அதோட புளியங்கொட்டை ஒரு பொட்டணம், கழுவிக் காயவெச்சது, நானே எண்ணிப் போட்டேன். பொழுதோட ஒரு போன் பண்ணு, அப்புச்சி பேசறேன்னு பேரன்கிட்ட குடு.