நீலம் பூசிய வீடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். படம் வரைவதன் வழியாக மனசுக்கு உதவும் ஓவிய சிகிச்சை (ஆர்ட் தெரபி) பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். இதைப் பற்றித் தமிழில் யாராவது விரிவாக எழுத மாட்டார்களா என்று ரொம்ப நாளாக ஏங்கியிருக்கிறேன். அதற்கு மனமார்ந்த நன்றி. ஆனால் கூடவே ஒரு பெட்டிச் செய்தி போட்டு, குழந்தை எந்த நிறத்தைத் தீட்டினால் மனசில் என்ன இருக்கிறது என்று பட்டியல் கொடுத்திருந்தீர்கள். அதைப் பார்த்ததும் பகீரென்றது.

தாராவியில் பதினாறு வருடமாகப் பால்வாடி நடத்துகிறேன். என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள். போன மழைக்காலத்தில் ஒரு தொண்டு அமைப்பிலிருந்து மூன்று பேர் ‘ஆர்ட் தெரபி’ என்று வந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான். இரண்டு நாள் பயிற்சிக்குக் கொடுத்த சான்றிதழ் மட்டும் கையில் இருந்தது. ஆறு வயதுப் பையன் ஒருவன் வீடு வரைந்தான். கதவு, இரும்பு ஏணி, ஏணிக்கு மேலே இன்னொரு அறை. எல்லாம் வரைந்து முடித்துவிட்டு, நீலக் கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்த்து, வீட்டின் மேல்பாதியை அப்படியே மூடிவிட்டான்.

அவன் அப்பா இறந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. வந்தவர்களில் ஒருவர் அம்மாவைக் கூப்பிட்டு, நீலம் என்றால் துக்கம், பையன் அதில் மூழ்கிக்கொண்டிருக்கிறான் என்று இந்தியில் சொல்லிவிட்டார். அந்தம்மாவுக்கு அரைகுறை இந்தி. பிள்ளைக்கு மூளையில் ஏதோ கோளாறு என்று புரிந்துகொண்டார். ஒன்பது நாள் பையனை அனுப்பவில்லை. கிரேயான்களை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருந்தார்.

நான் வீட்டுக்கே போனேன். மே மாதக் கடைசியில் தாராவியை மேலிருந்து பார்த்தால் கூரைக்குக் கூரை நீலத் தார்ப்பாய்தான். அந்த வீட்டிலும் அதேதான். படத்தில் இது என்னடா என்று கேட்டேன். “தாட்பாய் டீச்சர். போன வருசம் அப்பா கட்டுனாங்க. இந்த வருசம் மாமா கட்டும்போது நான் கயிறு பிடிச்சேன்” என்றான். துக்கம் அந்தப் படத்தில் இருக்கத்தான் செய்தது. ஆனால் அதை அவன்தான் சொல்ல வேண்டும், அவனுக்குத் தோன்றும்போது. நீலம் என்றால் துக்கம் என்பதே வேறு ஊர்க் கணக்கு. நமக்கு அது கண்ணன் நிறம், கடல் நிறம்.

முறையாகப் படித்த கலை சிகிச்சையாளர்கள் படத்துக்கு இப்படி அகராதி போட்டு அர்த்தம் சொல்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, வரைந்தவர் பேசும்வரை பொறுத்திருப்பார்கள். பிரிட்டனில் அதற்கென்று பட்டமேற்படிப்பு முடித்து, அரசு அங்கீகரித்த பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் ‘ஆர்ட் தெரபிஸ்ட்’ என்று போட்டுக்கொள்ள முடியும். இங்கே கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்ற உளவியல் சிகிச்சையாளருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் (ஆர்.சி.ஐ.) பதிவு வேண்டும். வண்ணப் பெட்டியோடு என் பால்வாடிக்கு வந்தவர்கள் யாரும் இதுவரை எந்தப் பதிவையும் காட்டியதில்லை.

ஆராய்ச்சி விஷயத்திலும் கட்டுரை கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது. கலை உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் உதவுகிறது என்று 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அறிக்கை வெளியிட்டது உண்மை. ஆனால் பிரிட்டனில் மனச்சிதைவு நோய் உள்ள 417 பேரை வைத்துச் செய்து 2012-ல் வெளிவந்த மேட்டிஸ் ஆய்வில், வாரம் ஒருமுறை குழுவாக நடந்த ஓவிய சிகிச்சையால் குறிப்பிடும்படியான பலன் தெரியவில்லை. பலர் ஒழுங்காக வரவே இல்லை. அதையும் எழுதியிருந்தால் வாசகர்களுக்கு நல்லது. ஓவிய சிகிச்சையை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்கள் நம்மிடையே உண்டு.

இன்னொன்று. அந்த மூவரும் போகும்போது படங்களையும் கொண்டுபோனார்கள். அப்புறம் யாரோ ஒருவரின் போனில் அந்த நீல வீட்டைப் பையன் பெயரோடு பார்த்தேன். ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் நினைவுக்கு வந்தார். நாஜிகளின் டெரெசின் முகாமில் குழந்தைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தவர். 1944-ல் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்குக் கொண்டுபோகப்படுவதற்கு முன் ஏறக்குறைய 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் ஒளித்து வைத்துவிட்டுப் போனார். அங்கே கொல்லப்பட்டார். அவரிடம் படித்த ஈடித் கிரேமர்தான் பின்னாளில் அமெரிக்காவில் இந்தத் துறையை வளர்த்தவர்களில் ஒருவர். குழந்தையின் படத்தை அவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டவர்களின் வழியில் வந்த தொழில் இது.

தாராவிக்கு ஓவியமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2015-ல் மும்பையின் ஸ்நேகா தொண்டு அமைப்பு இங்கே ‘தாராவி பியென்னாலே’ என்ற கலைக் கண்காட்சியை நடத்தியது. இந்தப் பகுதி மக்களே கலைஞர்களோடு உட்கார்ந்து, உடல்நலத்தையும் வீட்டு வன்முறையையும் பற்றிச் செய்த படைப்புகள் அவை. அதற்குச் சிகிச்சை என்று யாரும் பெயர் வைக்கவில்லை. ஆனால் கண்காட்சிக்கு ரொம்ப முன்பே வந்து, மாதக்கணக்கில் எங்களோடு பழகினார்கள். அந்தப் பொறுமைதான் வேண்டும்.

அடுத்த இதழிலாவது அந்த நிறப் பட்டியல் தவறு என்று நாலு வரி போடுங்கள். யாராவது சிகிச்சை என்று வந்தால் என்ன படித்திருக்கிறீர்கள், எத்தனை மாதம் வருவீர்கள், எங்கள் மொழி தெரியுமா, படம் யாரிடம் இருக்கும் என்று பெற்றோர் கேட்கலாம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். எங்கள் பால்வாடியில் இப்போது படங்களை ஒரு தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன். வரைந்த பிள்ளை கேட்டால் மட்டுமே திறப்பேன்.

இப்படிக்கு,
பால்வாடி ஆசிரியை ஒருவர்,
தாராவி, மும்பை-17