வான்காட்சி வரட்டும், சொல்லிவிட்டு வரட்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

வன்னியிலும் ஹெலிகொப்டர் சாகசக் காட்சி ஒன்று நடத்த வேண்டும் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு மறுப்பில்லை. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு.

விமானப்படையின் 73ஆவது ஆண்டு நிறைவையொட்டி 2024 மார்ச்சில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் நடந்த கண்காட்சிக்கு அம்மாவையும் மகனையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போயிருந்தேன். அம்மா வரமாட்டேன் என்றுதான் சொன்னார், பேரன் விடவில்லை. வெயில், புழுதி, சனம் எல்லாம் வழக்கம்போலத்தான்.

தரையில் நின்ற ஹெலிகொப்டரைச் சுற்றிச் சுற்றி வந்த மகன், மேலே இவ்வளவு பெரிய விசிறி இருக்க வாலில் எதற்குச் சின்ன விசிறி என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. அருகில் நின்ற பல்கலைக்கழக மாணவர் ஒருவர்தான் விளக்கினார். மேலுள்ள தகடுகள் ஒரு பக்கம் சுழலும்போது உடற்பகுதி மறுபக்கம் சுழலப் பார்க்குமாம். அதைத் தடுத்துப் பிடிப்பது வால் விசிறியாம். பறக்கும்போது இயந்திரம் நின்றுபோனாலும் கல்லைப்போல விழாது, கீழிருந்து வரும் காற்றே தகடுகளைச் சுழற்றும், விமானி கெட்டிக்காரர் என்றால் பத்திரமாக இறக்கிவிடுவார் என்றும் சொன்னார். மகன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான்.

பிறகு ஒன்று எங்களை நோக்கிப் பறந்து வந்தது. அம்மா நிமிர்ந்தே பார்க்கவில்லை. சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தபடி, "இது பெல்" என்றார். பெல் 212தான். இரண்டே தகடுகள், அதன் 'டப், டப்' என்ற அடி வெகுதூரத்திலேயே கேட்கும். ஐந்து தகடுள்ள எம்.ஐ-17, எம்.ஐ-24 இப்படி அடிப்பதில்லை, இரைந்துகொண்டு வரும். எங்கள் ஊரில் நாற்பது வயது தாண்டிய யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். போர்க்காலத்தில் பங்கருக்குள் ஓடுவதா, அடுப்பை மட்டும் அணைத்தால் போதுமா என்று முடிவெடுக்கத் தேவைப்பட்ட படிப்பு இது.

முற்றவெளிக்கு அம்மா ஹெலிகொப்டர் பறக்கும் என்று தெரிந்துதான் வந்தார். வன்னியில் நடத்தினால், முந்திய நாள்களில் ஒத்திகைக்காக வயலுக்கும் கூரைக்கும் மேலால் தாழப் பறப்பார்கள். கிணற்றடியில் தனியே நிற்கும் ஒரு கிழவிக்கு அது வேடிக்கை என்று யார் சொல்வது? எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கமாகப் பறக்கும் என்பதைக் கிராம சேவையாளர் மூலமும், கோயில், தேவாலய ஒலிபெருக்கிகளிலும் முன்கூட்டியே தமிழில் அறிவிக்க வேண்டும். ஆஸ்பத்திரிகளுக்கு மேலால் பறக்கவே கூடாது.

எம்.ஐ-24 போன்ற தாக்குதல் ஹெலிகொப்டரைக் கொண்டுவந்து காட்ட வேண்டிய தேவையும் இல்லை. அதை நாங்கள் போதுமான அளவு பார்த்துவிட்டோம். வெள்ளத்தில் சிக்கியவரைக் கயிறு இறக்கி எப்படித் தூக்குகிறார்கள் என்று செய்து காட்டட்டும். டித்வா புயலுக்குப் பிறகு, குளங்களின் கீழே குடியிருக்கும் எங்களுக்கு அது உதவும். பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தமிழ் தெரிந்த ஒருவரையும் அங்கே நிறுத்துங்கள்.

வாசகி,
ஒட்டுசுட்டான்.